செவிவழிக் கற்ற ஜப்பானியம்

(பழைய மாணவர் ஒருவர் எழுதியது)

அறுபது வயதைக் கடந்த பின்னர்ப் புதியதொரு மொழியைக் கற்கத் தொடங்கினோம் என்று யாம் கூறின், இம்மலரைக் கையிலெடுக்கும் இளைஞர் நகைப்பர். அம்மொழி ஜப்பானியம் என்றும், ஆசிரியர் முகத்தை ஒருநாளும் கண்டிலோம் என்றும், பாடசாலை பாகூர் ஏரிக்கரை என்றும் கூறின், அந்நகைப்பு இரட்டிக்கும். நகைக்கட்டும். இக்கலாசாலையில் யாம் பயின்ற நாளில் எம்முடைய ஆங்கில உச்சரிப்பைக் கேட்டு வகுப்பு முழுவதும் நகைத்ததுண்டு. அதனால் எமக்கு ஒரு தீங்கும் நேர்ந்திலது. இறுதித் தேர்வில் தேறியே வெளிவந்தோம்.

பாகூர் கல்விக்குப் புதிய ஊருமன்று. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், இவ்வூரிலிருந்த வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் தானமாக விடப்பட்ட செய்தியைப் பாகூர்ச் செப்பேடுகள் கூறுகின்றன. அக்காலத்து மாணவர் ஏட்டைப் பார்த்துக் கற்றதினும், ஆசான் சொல்லக் கேட்டுத் திருப்பிச் சொல்லிக் கற்றதே மிகுதியாயிருக்கும். அவ்வகையில் யாம் கைக்கொண்ட முறை மிகப் பழைய முறையே. ஆசான் மட்டும் கைப்பேசிக்குள் இருந்தார்.

இம்முயற்சிக்குக் காரணம் எம் பேரன். எம் மகளும் மருமகனும் டோக்கியோ மாநகரின் எடோகாவா வட்டாரத்தில், இந்தியர் பலர் குடியிருக்கும் நிஷி-கசாய் என்னும் பகுதியில் வாழ்கின்றனர். மருமகனுக்குக் கணினித் தொழில். பேரன் 2018இல் அங்கே பிறந்தான். 2019ஆம் ஆண்டுப் பொங்கலுக்குக் கைக்குழந்தையாய் இங்கு வந்து எம் மடியில் கிடந்து சென்றான். அடுத்த ஆண்டு பெருந்தொற்று வந்தது, போக்குவரத்து நின்றது. பின்னர் வழி சிறிது சிறிதாகத் திறந்தபோதும், விடுமுறையும் தனிமைக் காவலும் பயணச் செலவும் ஒன்றோடொன்று ஒத்துவராமையால் அவர்கள் வந்திலர். இதற்குள் எம் மகளும் வேலைக்குப் போகலாயினாள். குழந்தை காலைமுதல் மாலைவரை அங்குள்ள குழந்தைகள் காப்பகத்தில் வளர்ந்தான்.

அதன் பயனைக் காணொலி அழைப்பில் கண்டோம். 'சாப்பிட்டாயா?' என்று யாம் கேட்டால் அவனுக்கு விளங்கிற்று. ஆனால் விடை ஜப்பானியத்தில் வந்தது. தமிழில் அவன் வாயினின்று வந்தவை தாத்தா, பாட்டி, வேண்டாம் என்னும் மூன்று சொற்களே. அவன் ஏதோ நெடுங்கதை ஒன்றை ஆர்வத்தோடு எம்மிடம் சொல்வான், யாம் தலையசைப்போம். தலையசைப்பு ஒன்றுமறியாதவன் தலையசைப்பு என்பதைக் குழந்தைகள் விரைவில் கண்டுகொள்வர். 2021ஆம் ஆண்டு மாரிக்காலத்தில் ஒருநாள், கதையின் நடுவில் நிறுத்தி எம் முகத்தைச் சற்றே உற்றுப் பார்த்துவிட்டு, எழுந்து விளையாடப் போய்விட்டான். எம் மகள் ஒன்றும் பேசாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுநாட்காலை யாம் இயர்போன் ஒன்று வாங்கினோம்.

ஜப்பான் நாட்டு ஒலிபரப்பு நிலையமாகிய என்.எச்.கே. அயல்நாட்டார்க்கு எளிய ஜப்பானியப் பாடங்களைப் பல மொழிகளின் வாயிலாகக் கற்பித்து வருகிறது. இந்தியில் உண்டு, வங்காளியில் உண்டு, உருதுவில் உண்டு. யாம் தேடிய நாளில் தமிழைக் கண்டிலோம். ஆகையால் ஆங்கில வழியே செல்வதாயிற்று. இதில் எமக்கு முன்னோடி ஒருவர் புதுச்சேரியிலேயே இருந்தார். 1908 முதல் 1918 வரை இங்கு வாழ்ந்த பாரதியார், ஜப்பானியருடைய சிறுகவிதையைப் பற்றி 1916இல் சுதேசமித்திரனில் எழுதினார். அவரும் அதனை ஆங்கில வழியேதான் அறிந்தார். நூறாண்டு கழிந்தும் தமிழனுக்கு ஜப்பானுக்குச் செல்லும் பாதை இங்கிலாந்தைச் சுற்றியே செல்கிறது என்பது எண்ணத்தக்கது.

யாம் தேர்ந்துகொண்டவை, பால் பிம்ஸ்லர் என்னும் அமெரிக்க மொழியறிஞர் (1927–1976) வகுத்த முறையைத் தழுவிய ஒலிப்பாடங்கள். புத்தகம் இல்லை, எழுத்து இல்லை, ஒவ்வொரு பாடமும் அரைமணி நேரம். ஒருவர் ஆங்கிலத்தில் 'இன்னது சொல்லும்' என்று பணிப்பார். பின்னர்ச் சிறிது மௌனம். அந்த மௌனத்திற்குள் யாம் சொல்லிவிட வேண்டும். அதன்பின் ஜப்பானியர் ஒருவர் சரியாகச் சொல்லிக் காட்டுவார். நீண்ட சொல்லை வாலிலிருந்து தொடங்கித் தலைவரை கட்டுவது இம்முறையில் ஒரு விநோதம். 'வகரிமாசென்' (தெரியாது) என்பதனைச் 'சென்' என்றும், 'மாசென்' என்றும், 'ரிமாசென்' என்றும் படிப்படியாய் ஏற்றி, இறுதியில் முழுச்சொல்லும் நாவில் வழுக்கிக்கொண்டு வருமாறு செய்துவிடுகின்றனர்.

ஒரு சொல்லை எவ்வளவு இடைவெளி விட்டு மீளக் கேட்டால் அது மனத்தில் நிலைக்கும் என்பதைப் பற்றி அவ்வறிஞர் 1967இல் ஒரு கட்டுரை எழுதினார். முதலில் 5 விநாடி, அப்பால் 25 விநாடி, 2 நிமிடம், 10 நிமிடம், ஒரு மணி, 5 மணி, ஒரு நாள், 5 நாள், 25 நாள், 4 மாதம், 2 ஆண்டு. மறக்கப்போகும் தறுவாயில் நினைவூட்ட வேண்டும் என்பது கருத்து. ஒவ்வொரு முறையும் இடைவெளி ஏறக்குறைய ஐந்து மடங்காகிறது. எம் திண்ணைப் பள்ளிகளில் காலையில் சொன்ன பாடத்தை மாலையில் முறைவைக்கச் சொன்ன சட்டாம்பிள்ளைக்கு இக்கணக்குத் தெரியாது. ஆயினும் அவன் கைப்பிரம்பு அதே வேலையை ஒருவாறு செய்தது.

நாள்தோறும் விடியற்காலையில் ஏரிக்கரையின்மேல் நடப்போம். தென்பெண்ணையாற்றில் சொர்ணாவூர் அணையினின்று பங்காரு வாய்க்கால் வழியே வரும் நீர் அவ்வாண்டு ஏரியில் நிரம்பியிருந்தது. நீர்க்கோழிகள் நாணற்புதர்களுக்கிடையே திரியும். வேட்டி கட்டிய முதியவர் ஒருவர் அவற்றை நோக்கி, 'உமக்கு ஆங்கிலம் தெரியுமா?' என்று ஜப்பானியத்தில் உரக்க வினவுவதைக் கண்ட மாடு மேய்ப்பவன், முதல் வாரம் விலகிச் சென்றான். யாம் கேட்ட பாடத்தில் முதலில் வரும் வினா அதுவே, எம் குற்றமன்று. வில்லியனூரிலுள்ள எம் தமக்கையாரைக் காணச் செல்லும்போது பேருந்திலும் பாடம் நடக்கும். ஒருமுறை பக்கத்து இருக்கைப் பெண்மணி, யாம் 'இல்லை, தெரியாது; மன்னிக்கவும்' என்று பலமுறை முணுமுணுத்ததைக் கேட்டு, எவரோ கடன்காரர் எம்மைத் தொலைபேசியில் நெருக்குகின்றனர் என்று இரங்கி, இறங்கும் இடத்தில், 'கவலைப்படாதீங்க ஐயா' என்று சொல்லிச் சென்றார்.

எண்கள் வந்த பாடத்தில் எமக்கு ஒரு வியப்புக் காத்திருந்தது. 'இச்சி, நி, சான்' என்று குரல் தொடங்கிய கணத்தில், மேற்கொண்டு வருவன எவையென்று எம் நாவுக்கு முன்னமே தெரிந்திருந்தது. சிறிது நேரம் கரையின்மேல் நின்றுவிட்டோம். அது எம் பாட்டனார் தேங்காய் எண்ணும் குரல்.

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரியினின்று பலர் இந்தோசீனத்துக்குச் சென்று எழுத்தராகவும் காவலராகவும் வேலை பார்த்தனர். எம் பாட்டனார் சைகோன் துறைமுகத்தில் காவற்பணி செய்தவர். 1941இல் ஜப்பானியப் படை தென்பகுதிக்குள் நுழைந்தது. 1945 மார்ச்சு 9ஆம் நாள் பிரெஞ்சு அதிகாரத்தை அடியோடு நீக்கிவிட்டது. அந்நாட்களில் பண்டகசாலை முற்றத்தில் காலைதோறும் வீரர் வரிசையில் நின்று எண் சொல்வதனைப் பாட்டனார் தம் காவற்கூண்டிலிருந்து கேட்டிருக்கிறார். ஊர் திரும்பிய பின்னர், தோப்பில் தேங்காய் பறிக்கும் நாளில் அவ்வெண்களாலேயே எண்ணுவார். 'இச்சி, நி, சான், ஷி, கோ' என்று அவர் சொல்லச் சொல்லச் சிறுவராகிய யாம் காய்களை எடுத்து ஐந்தைந்தாய்க் குவிப்போம். அது என்ன மொழி என்று ஒருமுறை கேட்டதற்கு, 'பயத்தில் கேட்டது. மறக்கவில்லை' என்று மட்டும் சொன்னார். 5 விநாடி, 25 விநாடி என்னும் கணக்குக்கு அச்சம் உட்படாது போலும். எம் பாடத்தில் நான்கிற்கு 'யோன்' என்றனர்; பாட்டனார் சொன்னது 'ஷி'. இரண்டும் உண்டு என்றும், 'ஷி' என்னும் ஒலி சாவுக்கும் பெயராதலின் பல இடங்களில் அதனைத் தவிர்ப்பர் என்றும் பின்னர் அறிந்தோம்.

எனினும் முதல் இரண்டு மாதம் கல்வி நொண்டியது. மௌனத்திற்குள் விடை வந்து சேர்வதில்லை. ஆங்கிலச் சொற்றொடரின் முதற்சொல்லைப் பற்றிக்கொண்டு யாம் தொடங்குவோம்; ஜப்பானியத்தில் அச்சொல் கடைசியில் நிற்கும். தலையும் வாலும் மாறிய மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதுபோல் இருந்தது. ஒருநாள் சோர்வினால் ஆங்கிலத்தைக் கேட்டவுடன் வாய்க்குள் தமிழில் சொல்லிக்கொண்டோம். அப்பொழுது நிகழ்ந்ததை இம்மலரைப் படிக்கும் மாணவர்க்குச் சற்று விரித்துரைக்க விரும்புகிறோம். இக்கட்டுரை எழுதப் புகுந்ததே இதன்பொருட்டு.

'ஆங்கிலம் தெரியும்' என்பதற்கு ஜப்பானியர் 'எய்கோ கா வகரிமாஸு' என்பர். ஆங்கில வழி விளக்கம், இங்கே 'ஆங்கிலம்' என்பது செயப்படுபொருளாயிருக்க, எழுவாய்க்குரிய 'கா' என்னும் இடைச்சொல்லை அது ஏன் பெறுகிறது என்று மாணவனைத் தேற்றப் பாடுபடுகிறது. தமிழனுக்குத் தேறுதல் வேண்டுவதில்லை. நாம் 'எனக்கு ஆங்கிலம் தெரியும்' என்கிறோம். 'ஆங்கிலத்தைத் தெரியும்' என்பதில்லை. 'டோக்கியோவுக்குப் போகிறேன்' என்பது 'தோக்யோ நி இகிமாஸு'. நம் குவ்வுருபு நிற்கும் இடத்தில் அவர்களுடைய 'நி' நிற்கிறது. 'நீரைக் குடிக்கிறேன்' என்பதில் ஐகாரம் நிற்கும் இடத்தில் அவர்களுக்கு 'ஓ'. வினாவாக்க நாம் இறுதியில் ஆகாரத்தைச் சேர்க்கிறோம். அவர்கள் 'கா' என்பதைச் சேர்க்கின்றனர். 'நேற்று வந்த மனிதர்' என்பதற்குக் 'கினோ கித ஹிதோ' என்று மூன்று சொல்லுக்கு மூன்று சொல்லாய், அதே வரிசையில் வருகிறது. 'கோரெ, சோரெ, அரெ, தோரெ' என்னும் நான்கும் இது, உது, அது, எது என்னும் நான்கேயாம். நடுவிலுள்ள 'உது' நமக்கு இலக்கண நூலோடு நின்றுவிட்டது. யாழ்ப்பாணத்தார் வாயில் இன்னும் வாழ்கிறது. ஜப்பானியர்க்கோ அது இல்லாமல் ஒருநாள் கழியாது.

வினையெச்சத்தைக் கண்டபோது எம் களிப்புக்கு அளவில்லை. 'தபெதே' என்பது சாப்பிட்டு. 'தபெதே மிரு' என்பது சாப்பிட்டுப் பார். 'மிரு' என்னும் வினைக்குத் தனியே வருமிடத்தும் 'பார்' என்பதே பொருள். செய்து வைத்தலுக்கும், செய்து விடுதலுக்கும் அங்ஙனமே துணைவினைகள் உள. ஆங்கிலத்தில் இவற்றை விளக்க ஒரு பத்தி வேண்டும். தமிழில் ஒரு சொல் போதும். சலசல, படபட என்னும் நம் இரட்டைக்கிளவிக்கு அவர்களிடத்துப் பெருஞ்சுற்றம் உண்டு. மழை 'சா சா' என்று கொட்டும். பசித்த வயிறு 'பெகோ பெகோ' என்னும்.

அன்றுமுதல் ஆங்கிலக் குரலைக் காதளவில் நிறுத்தி, தமிழை நடுவில் வைத்தோம். சுற்றுவழி போலத் தோன்றும். ஆனால் மௌனம் முடியுமுன் விடை வந்தது.

இவ்வொற்றுமையை உலகறியச் சொன்னவர் சுசுமு ஓனோ (1919–2008) என்னும் ஜப்பானியப் பேராசிரியர். தம் மொழியின் தோற்றத்தை நாடிய அவர், நடுவயதைக் கடந்தபின் தமிழ் கற்றார். சென்னைப் பேராசிரியர் பொற்கோவோடும், யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோரோடும் கூடி ஆராய்ந்தார். இரு மொழிக்கும் பொதுவெனப் பல நூறு சொற்களைக் காட்டி, ஜப்பானியம் தமிழோடு உறவுடையது என்று வாதித்தார். மொழிநூலார் பெரும்பாலோர் அதனை ஒப்புக்கொள்ளவில்லை. இலக்கண அமைப்பு ஒத்திருத்தல் ஒன்றே உறவுக்குச் சான்றாகாது; துருக்கியமும் கொரியமும் இவ்வண்ணமே வினையை இறுதியில் வைப்பன. யாமும் உறவு கொண்டாட முன்வரவில்லை. அடுத்த வீட்டுப் பூட்டுக்கு நம் வீட்டுத் திறவுகோல் பொருந்தினால், இரு வீட்டாரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று சொல்ல வேண்டுவதில்லை. கதவு திறந்தால் போதும்.

ஒலியிலும் நமக்கு ஒரு சலுகை உண்டு. 'ஒபசன்' என்றால் அத்தை முறைப் பெண். 'ஒபாசன்' என்றால் பாட்டி. குறில் நெடில் பிழைத்தால் அத்தை கிழவியாவாள். மேல்நாட்டார் இதிலே இடறுவர் என்பர். மாத்திரை எண்ணிப் பழகிய நமக்கு இது இயல்பு. ஒரு வேறுபாட்டை மட்டும் நினைவிற்கொள்ள வேண்டும். நம் மெய்யெழுத்துக்கு அரைமாத்திரை. அவர்கள் ஒற்றையும் முழு மாத்திரையாக எண்ணுவர். 'நிப்பொன்' என்பது நம் கணக்கில் மூன்று; அவர்கள் கணக்கில் நான்கு. இறுதியில் வரும் உகரமோ இதழ் குவியாமல் நம் குற்றியலுகரம் போலத் தேய்ந்து, பல இடங்களில் கேளாமலே போகும்.

இவ்வளவு பெருமை பேசியபின் எம் இழுக்கையும் சொல்லவேண்டும். எழுதாதே, கேள் என்பது அம்முறையின் முதற்கட்டளை. யாம் அதனை மீறி, தமிழெழுத்தில் ஒரு குறிப்பேடு எழுதி வந்தோம். பள்ளியாசிரியராய் முப்பதாண்டு கழித்தவன் கை சும்மா இராது. நம் எழுத்தில் வல்லெழுத்து ஒன்றே வலிந்தும் மெலிந்தும் ஒலிக்கும். ஜப்பானியத்திலோ அவை வேறு வேறு சொல்லாம். அவர்களுடைய பொன்னும் வெள்ளியும் எம் ஏட்டில் ஒன்றுபோலக் 'கின்' என்றே கிடந்தன. வானிலையைக் குறிக்கும் சொல்லும், மின்விளக்கைக் குறிக்கும் சொல்லும் இரண்டும் 'தென்கி' என்று எழுதப்பட்டு, பதினொரு பக்க இடைவெளியில் இரட்டையர்போல் உறங்கின. மேலும் நம் நாவு மூக்கொலியின் பின்னே வரும் ககரத்தைத் தானாகவே மெலித்துவிடும். அது நமக்கு மரபு, அவர்களுக்குப் பிழை. இதன் விளைவு என்னவாயிற்று என்பது பின்னர் வரும்.

நான்கு மாதம் கழிந்தபின் துணிந்து பேரனிடம் பேசினோம். நலமா என்று கேட்டோம். இன்று என்ன சாப்பிட்டீர் என்று கேட்டோம். எமக்கு ஜப்பானியம் சிறிது தெரியும் என்றும் சொன்னோம். அவன் வாய் திறந்தபடி கேட்டான். பின்னர்த் தாயை நோக்கி, 'தாத்தா, தென்ஷா நோ ஹிதோ மிதாய்' என்று கூவி, விழுந்து விழுந்து சிரித்தான். தாத்தா இரயிலில் பேசுபவரைப்போலப் பேசுகிறார் என்பது அதன் பொருள். ஒலிப்பாடங்கள் அயலாரோடு பேசுதற்குரிய மரியாதை நடையைக் கற்பிப்பன. வழிப்போக்கனுக்கு அதுவே தக்கது. யாம்தான் அதனைக் கொண்டுபோய் மூன்று வயதுக் குழந்தையின்முன் நின்று, 'அடுத்து வரும் நிலையம்' என்னும் தொனியில், 'தாங்கள் அமுது செய்தீர்களா?' என்று கேட்டோம். குழந்தையிடம் பேசும் வீட்டு நடை எந்தப் பாடத்திலும் எமக்குக் கிடைத்திலது.

எம் மகள் ஒரு வழி கண்டாள். இரவு உணவின்போது அவன் பேசுவதை ஐந்து பத்து நிமிடம் பதிவு செய்து அனுப்பலானாள். காப்பகத்தில் யார் யாரைத் தள்ளினான், எந்த வண்டின் கொம்பு பெரிது, கேரட்டு ஏன் தனக்கு வேண்டாம் என்பன பாடப்பொருள். ஏரிக்கரையில் அவற்றையே ஐந்தைந்து முறை கேட்டோம். விளங்காத இடத்தைக் குறித்து அனுப்பினால், மகள் தமிழில் பொருள் சொல்வாள். ஒருமுறை, தனக்கே ஜப்பானியம் இப்போதுதான் விளங்குகிறது என்றாள். அவன் எம்மை உற்றுப் பார்த்து நிறுத்திய அந்தக் கதை, ஒரு நத்தையைப் பற்றியது என்று ஓராண்டு கழிந்தபின் அறிந்தோம். அதனைத் தன் தொப்பிக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தானாம்.

2023ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு அவர்கள் வந்தனர். நாலரை வயதுப் பிள்ளை வாயிலிற் செருப்பைக் கழற்றி, முனை வெளிப்புறம் பார்க்க ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே வந்தான். முதல் மாலையில் மேகம் மூடியிருந்தது. மறுநாள் வானிலை எப்படியிருக்கும் என்பதைப் பற்றிப் பேச்சுக் கொடுக்க எண்ணிய யாம், எம் குறிப்பேட்டை நம்பி, 'தென்கி' என்பதனை மெலிந்த தகரத்தால் தொடங்கிவிட்டோம். பிள்ளை சுற்றிலும் நோக்கி, சுவரருகே ஓடி, முக்காலியின்மேல் ஏறி, விளக்கைப் போட்டான். 'நல்ல பிள்ளை' என்று சொல்வதையன்றி வேறு வழியில்லை. அன்றிரவு அந்தக் குறிப்பேட்டைப் பழைய காகிதக் கட்டில் சேர்த்தோம்.

பத்து நாள் இருந்தான். யாம் அவனோடு பேசினோம். அவனும் எம்மோடு பேசினான். அறுவடை நடந்த வயல்களின் வரப்பில் நடந்து, நத்தை தேடினோம். புதுப்பானைப் பொங்கலை அவன் முகர்ந்து பார்த்துத் தயங்கியபோது, 'தபெதே மிதே' என்றோம், சாப்பிட்டுப் பார்த்தான், இரண்டாம் முறையும் கேட்டான். ஆயினும் உண்மையை மறைத்தல் தகாது. எம் இல்லாள் இக்காலமெல்லாம் ஒரு ஜப்பானியச் சொல்லும் கற்றிலள். அவள் பாட்டுக்குத் தமிழிலேயே ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். கோழிக்குத் தவிடு வைக்கவும் கோலத்துக்குப் புள்ளி வைக்கவும் அவனைக் கூட்டிச் சென்றாள். ஆறாம் நாள் அவன் கொல்லையிலிருந்து, 'பாட்டி, கோழி ஓடிப்போச்சு, வா' என்று கத்தினான். ஒலிப்பாடம் நடத்திய நிறுவனம் எதற்கும் அவள் ஒரு காசும் கொடுத்தவளல்லள்.

இன்னும் ஒன்று சொல்ல இருக்கிறது. வீட்டினின்று புறப்படும்போது நாம் 'போகிறேன்' என்று சொல்வதில்லை. 'போய் வருகிறேன்' என்கிறோம். ஜப்பானியரும் அவ்வாறே. 'இத்தே கிமாஸு' என்பர். 'இத்தே' என்பது போய், 'கிமாஸு' என்பது வருகிறேன். வீட்டிலிருப்போர் 'இத்தே ரஸ்ஷாய்', போய் வாருங்கள், என்பர். எம் பாடத்தில் ஆங்கிலக் குரல் இதற்குப் 'புறப்படுகிறேன்' என்று பொருள் கூறிக் கடந்துவிட்டது. இதில் ஒரு வரம்பு உண்டு என்று எம் மகள் சொல்லியிருந்தாள்: அயலார் வீட்டுக்கு விருந்தாகச் சென்றவர் விடைபெறும்போது இச்சொல்லைச் சொல்லார், அதற்கு வேறு சொற்கள் உண்டு. தன் வீட்டினின்று புறப்பட்டு, தன் வீட்டுக்கே திரும்புவோன் சொல்வது இது.

புறப்பாடு விடியுமுன் அமைந்தது. சென்னை விமான நிலையத்துக்குச் செல்லும் ஊர்தி வாயிலில் நின்றது. பிள்ளை பாதித் தூக்கத்தோடு படியில் அமர்ந்து, எவர் உதவியும் வேண்டாமல் செருப்பைத் தானே மாட்டிக்கொண்டான். எழுந்து திரும்பி, 'தாத்தா, இத்தே கிமாஸு' என்றான். எம் மகள் ஊர்திக் கதவைப் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தாள்.

ஓராண்டுக்கு மேல் பயின்று வைத்திருந்த மறுமொழி அவ்வேளையில் எம் நாவுக்கு வரவில்லை. 'போய் வா' என்றோம். அவன் தலையசைத்து ஊர்தியில் ஏறினான்.